ஐம்பது அடி

பங்குனி வெயில்.
அளவு நாடாவின் ஒரு முனை யசோதரனிடம்,
மறு முனை என்னிடம்.
புதுக்குழி வெட்டக் கோடு கீறிய இடத்திலிருந்து
பக்கத்து வளவுக் கிணற்றுக்கட்டு வரை
இருபத்தேழு அடி.
கொப்பியில் எழுதினேன்.
ஐம்பது வேண்டும்.

அருமைத்துரை சிரித்தார்.
"என்ர உறுதி, என்ர ஒன்றரைப் பரப்பு,
மச்சான் ரொறொன்ரோவில இருந்து அனுப்பின காசு.
இதுக்குள்ள மாநகரசபைக்கு என்ன அலுவல், பிள்ளை?"

கேள்வியில் பிழையில்லை.
உறுதியில் நாலு எல்லையும் நல்ல தெளிவு.
கிழக்கே ஒழுங்கை,
தெற்கே மங்களநாயகியின் வளவு,
மேற்கே, வடக்கே, எல்லாம் சரி.
கீழே என்ன எல்லை என்றுதான்
எந்த நொத்தாரிசும் எழுதவில்லை.

கீழே சுண்ணாம்புக்கல்.
கல்லென்று பெயர், உள்ளெல்லாம் ஓட்டை.
ஆறில்லாத ஊருக்கு
மாரி தந்துவிட்டுப் போனதை
அது ஒரே பானையில் ஊற்றி வைத்திருக்கிறது.
நாங்கள் அவரவர் வளவில் நின்று
அவரவர் கிணறென்று அள்ளுகிறோம்.
எட்டடி மதில் எழுப்பலாம்.
அத்திவாரத்துக்குக் கீழே
மதில் என்று ஒன்றும் கிடையாது.

இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை.
"ஐம்பதடி, ஐயா" என்றேன் மறுபடியும்.

கந்தோரில் சுருட்டி வைத்த வரைபடம் ஒன்றிருக்கிறது.
ஒரு மூலை கரையானுக்குப் போய்விட்டது.
மஞ்சள் என்றால் குடியிருப்பு, சிவப்புக் கடைகள்,
பச்சை தோட்டக்காணி.
நடுவில், சின்ன விரல் நகமளவு நீலம்:
கொக்குமோட்டைக்குளம்.
போய்ப் பார்த்தேன்.
நீலத்தின் மேல் நிற்கிறது
எழுநூறு பேர் இருந்து சாப்பிடும்
குளிரூட்டிய கலியாண மண்டபம்.
ஆர் கையெழுத்து வைத்தது என்று
கோவையைத் தேடினேன்.
கையெழுத்து இல்லை.
கோவையே இல்லை.

போன கார்த்திகையில் தண்ணீர் வந்தது.
முகாமில் இருந்து ஊர் திரும்பிய சனம்போல
பழைய விலாசத்தை மட்டும் வைத்துக்கொண்டு
வெள்ளவாய்க்காலைத் தேடியது, கடை.
மதகைத் தேடியது, தகரக் கொட்டகை.
கடைசியில் தன் குளத்துக்கே வந்து
கண்ணாடிக் கதவைத் தள்ளி உள்ளே போனது.
அன்று ஆருடையதோ கலியாணம்.
வாசலில் கழற்றிய செருப்புகள்
சோடி பிரிந்து மிதந்தன.
எல்லாரும் மழையைத் திட்டினார்கள்.

எனக்குத் திட்ட வாய் வரவில்லை.
எங்கள் ஒழுங்கையில்
முதல் வீட்டுக்காரர் மதிலை ஒரு சாண் நீட்டினார்.
இரண்டாம் வீடு அதைப் பார்த்து ஒரு முழம்.
அப்பா அதற்குப் பிறகுதான் கட்டினார்,
வரிசை நேராக இருக்கவேண்டும் என்று.
தை மாத இரவொன்றில்
சபாரஞ்சினி அக்காவுக்கு நெஞ்சு நோ.
அம்புலன்ஸ் சந்தியில் நின்று
விளக்கைச் சுழற்றிக்கொண்டிருந்தது.
பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி
நாலுபேர் தூக்கிப் போனோம்.
எங்கள் மதில் திருப்பத்தில்
கதிரைக் கால் இடித்தது.

தப்பிவிட்டார்.
இப்போதும் என்னைக் கண்டால்
"சாப்பிட்டியோ?" என்றுதான் கேட்பார்.
மதிலைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை.

அருமைத்துரை கைபேசியை எடுத்து
மேலிடத்தில் ஆரோடோ கதைக்கத் தொடங்கினார்.
அனுமதி கிடைத்தாலும் கிடைக்கும்.
எனக்கு மேலே மூன்று மேசைகள் இருக்கின்றன.

அதற்குள் மங்களநாயகி
வேலிக்கு மேலால் செம்பை நீட்டினார்.
எங்கள் நாடா எதற்கென்று அவருக்குத் தெரியாது.
"வெயிலுக்க நிக்கிறியள், குடியுங்கோ."
யசோதரன் குடித்தான். நானும்.
குளிர்ந்த தண்ணீர்,
அடிநாக்கில் லேசான சுண்ணாம்புச் சவர்.

பின்னேரம் வீட்டுக்குப் போய்
வாசலில் குந்தியிருந்து
ஒழுங்கை நடுவிலிருந்து எங்கள் மதிலை அளந்தேன்.
ஒரு அடி ஏழு அங்குலம், உள்ளே.
அதே கொப்பி.
இருபத்தேழுக்குக் கீழே எழுதினேன்.